சதுர்த்தியில் தாமதமாக அணையும் சர்வர்

ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை, தேய்பிறைத் துவிதியை. கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் என் நண்பன் போன் செய்தான்.

ஒவ்வொரு நாளையும் திதியோடு சேர்த்துக் குறித்துவைப்பது என் பழக்கம். ஆங்கிலத் தேதி ஊரோடு ஒத்துப்போக; திதி என் திருப்திக்கு. எங்கள் தெருவில் போர்வெல் போட்ட நாள், பஸ் ஸ்டாண்டில் புது மணிக்கூண்டு முதன்முதலாக நின்றுபோன நாள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. வீட்டில் இதற்குப் பைத்தியம் என்று பெயர். இங்கே ஆங்கிலத் தேதியையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். எல்லாரும் காரைக்குடியில்தான் இருக்கிறார்கள், நாளைக்கும் அவர்கள் முகத்தில் விழித்தாக வேண்டும்.

"மச்சான், சர்வர் படுத்துருச்சு" என்றான் நண்பன்.

"எப்பலேருந்து?"

"காலைலேருந்து. ஆன் ஆகுது, ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது. வீடியோ இருக்குற டிஸ்க்கத் தொட்டா மட்டும் முடியாதுங்குது."

"நீ என்ன செஞ்ச?"

"அமத்தி அமத்திப் போட்டேன்."

"எத்தன தடவ?"

"அது எண்ணல."

அவனும் நானும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நான் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அவன் செக்காலை ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். சர்வர் என்று அவன் பெருமையாகச் சொல்வது ஒரு சாதாரண மேசைக் கணினி, உள்ளே வீடியோவுக்கென்று தனியாக ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க். லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். ஊரில் நடக்கும் கல்யாணங்கள் எல்லாம் கேமராவிலிருந்து அதில் போய் இறங்கும். அங்கிருந்து எடுத்துத்தான் எடிட் செய்வான்.

"போனா என்ன? கேமரா கார்டுல இருக்கும்ல?"

"கார்டுல அடுத்த கல்யாணத்த எடுத்துட்டேன்."

"யாரு கல்யாணம் போச்சு?"

"கொழுந்தியா கல்யாணம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவன் மனைவியின் தங்கை கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பெண்ணின் அத்தா புரூனையில் வேலை பார்க்கிறார். கடைசி நேரத்தில் லீவு கிடைக்காமல் போய், மகளின் நிக்காஹ்வைப் போனில் பார்த்தார். பார்த்தார் என்பதுகூட மரியாதைக்குத்தான். படம் பாதியில் உறைந்துவிட்டது. அவர் இப்போது லீவு கிடைத்து வெள்ளிக்கிழமை காலை திருச்சியில் இறங்குகிறார். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சம்பந்தி வீட்டார், புது மாப்பிள்ளை, பெண் எல்லாரும் என் நண்பன் வீட்டுக்கு வந்து, பிரியாணி சாப்பிட்டு, பெரிய டிவியில் கல்யாணத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. மனிதர் விமான டிக்கெட் எடுத்த நாளிலிருந்து இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறாராம்.

"வீட்டுல தெரியுமா?" என்றேன்.

"தெரிஞ்சா நான் இப்படி நின்னு பேசிக்கிட்டு இருப்பேனா? வாடா சீக்கிரம்."

ஸ்டுடியோ இருப்பது ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் முகப்பு அறையில். தெருவுக்குத் தெரு நீளும் வீடு. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். உள்ளே ஆளுக்கொரு அறை பூட்டிக் கிடக்கிறது. வீட்டைத் திறந்து பெருக்கி, விளக்கு வைத்துப் பூட்டுவது வருஷத்துக்கு ஒருவர் முறை. வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கட்டும் என்று முகப்பு அறையை மட்டும் வாடகைக்கு விட்டார்கள். சுவர் கனம், அறை எப்போதும் குளுகுளுவென்று இருக்கும். சர்வருக்கு ஏற்ற இடம் என்று சொன்னதும் நான்தான்.

போனபோது சர்வருக்கு எதிரே ஒரு டேபிள் ஃபேன் வைத்து முழு வேகத்தில் சுழலவிட்டிருந்தான்.

"காய்ச்சலா அதுக்கு?" என்றேன்.

"கிண்டல் பண்ணாத. அம்மை போட்ட புள்ளைய விடப் பதனமா வச்சுருக்கேன்."

முதலில் டிஸ்க்கின் உடம்பைப் பார்த்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைத்துக்கொள்ளும்; கேட்டால் சொல்லும். எந்தப் பழுதும் இல்லை என்றது. கேபிளை மாற்றிப் பார்த்தேன், அதுவும் நல்லதுதான். அப்படியானால் கெட்டுப்போனது டிஸ்க் அல்ல, அதன் மேலிருக்கும் கோப்பு முறை.

"புரியுற மாதிரி சொல்லு" என்றான்.

"இந்த வீட்டையே எடுத்துக்க. இத்தன அறை இருக்கு. எந்த அறை எந்தப் பங்காளிக்கு, உள்ள என்ன சாமான், எல்லாம் ஒரு ஆளுக்குத்தான் தெரியும்னு வை. அந்த ஆளுக்குத் திடீர்னு புத்தி கலங்கிப்போச்சு. அறையும் இருக்கு, சாமானும் இருக்கு. எது எங்கன்னு சொல்லத்தான் ஆளில்ல."

"அப்ப என் கொழுந்தியா உள்ளதான் இருக்கா?"

"பெரும்பாலும் இருப்பா."

"பெரும்பாலும்னு சொல்லாதடா."

உடனே சரிபார்க்கும் கருவியை ஓட்டச் சொன்னான். அது ஒவ்வொரு கோளாறையும் காட்டி 'சரி செய்யட்டுமா' என்று கேட்கும்; நாம் ஆமாம் என்றால் வெட்டி ஒட்டும். அந்த வெட்டில் சில சமயம் நல்லதும் போய்விடும். அதனால் மூல டிஸ்க்கில் கைவைக்கவே கூடாது. எழுத்துக்கு எழுத்து இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, வைத்தியத்தை நகலுக்குத்தான் செய்ய வேண்டும். நகலெடுக்க ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். டிஸ்க் வாங்க அவனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, ஏன் இப்படி ஆனது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

கணினி தான் எழுந்த நேரத்தையும் படுத்த நேரத்தையும் வரிசையாகப் பதிந்துவைக்கும். முறையாக அணைத்தால் அணைக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். இங்கே அந்த வரியே இல்லை. தினமும் மாலையில், பேசிக்கொண்டிருப்பவன் வாயைப் பொத்தியதுபோலப் பதிவு பாதியில் அறுந்திருந்தது. மறுநாள் விடிகாலையில் மீண்டும் தொடங்கியிருந்தது. மின்சாரம் வந்தால் தானாக எழுந்துகொள்ளும்படி நான் அமைத்துக் கொடுத்திருந்தேன். அதனால் அவன் காலையில் வரும்போது, இரவெல்லாம் கண்விழித்து உழைத்த பிள்ளை போல அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவன் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நடுவில் செத்துப் பிழைத்தது யாருக்கும் தெரியவில்லை.

இந்த வகைக் கோப்பு முறை சாமர்த்தியமானது. எதைச் செய்யப்போகிறதோ அதை முதலில் ஓர் இடத்தில் குறித்துக்கொண்டுதான் செய்யும். நடுவில் மின்சாரம் போனாலும், எழுந்ததும் குறிப்பைப் பார்த்து மீதியை முடிக்கும். அதனால்தான் இத்தனை நாள் தாக்குப்பிடித்தது. திங்கட்கிழமை மாலை மட்டும் அந்தக் குறிப்பே அரைகுறையாக நின்றிருக்கிறது.

டிஸ்க்கோடு வந்தவனிடம் காட்டினேன். "தினமும் விளக்கு வைக்கிற நேரத்துல சாகுது. தை மாசத்துலேருந்து. அதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட இல்ல."

அவன் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினான். "விளக்கு வைக்கிற நேரமா? மச்சான், இது பழைய வீடு. உள்ளறையெல்லாம் எத்தன வருஷமாப் பூட்டிக் கெடக்கு தெரியுமா? எங்க நன்னி, அதான் அம்மாவப் பெத்த கெழவி, சொல்லும், ஜின்னு அந்த நேரத்துலதான் எறங்கும்னு."

"கரண்டு போனாலும் தாங்க யு.பி.எஸ். இருக்குல்ல? அதத் தாண்டியா எறங்குது?"

"ஜின்னுக்கு யு.பி.எஸ். ஒரு பொருட்டா?"

யு.பி.எஸ். அறைக்கு வெளியே கூடத்தில் இருந்தது. அதுவும் நல்ல நிலையில்தான் இருந்தது. நான் மின்வாரியத்தைச் சந்தேகப்பட்டேன். அவன் ஜின்னை விடுவதாக இல்லை. இதற்கிடையில் பதிவில் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. மாதத்தில் ஒரே ஒரு நாள், சாகும் நேரம் வெகுவாகத் தள்ளிப்போயிருந்தது. தையில் ஒன்று, மாசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று என்று வந்துகொண்டே இருந்தது. சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஒப்பிட்டேன். எல்லாமே பௌர்ணமிக்குப் பின் நாலாம் நாள். சங்கடஹர சதுர்த்தி.

"உன் ஜின்னு மாசாமாசம் சதுர்த்தி விரதம் இருக்குது" என்றேன்.

"ஜின்னுக்கு எதுக்குடா பிள்ளையார் விரதம்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் சாவிக்கொத்து குலுங்கியது.

"என்ன தம்பி, இன்னமும் இருக்கீக? வெளக்கு வச்சாச்சு, பூட்டணும்ல?"

ஆச்சி நின்றிருந்தார். வீட்டுப் பங்காளிகளில் இந்த வருஷம் முறை அவருடையது. தை பிறந்ததும் சாவி அவர் கைக்கு வந்தது. அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். காலையில் வந்து திறப்பார், மாலையில் வந்து பூட்டுவார். நண்பன் எப்போதும் அவர் வருவதற்கு முன்பே கிளம்பிவிடுவதால் இருவரும் மாலையில் சந்தித்ததே இல்லை.

நான் மெதுவாகக் கேட்டேன். "ஆச்சி, பூட்டும்போது மெயின் சுவிட்சையும் அமத்திட்டுத்தான் போறீகளா?"

"பின்ன? மெயின அமத்தாம வீட்டப் பூட்டுவாகளா?" அவர் என்னைப் பார்த்த பார்வையில், பல்லை விளக்காமல் காபி குடிப்பவனைப் பார்க்கும் வியப்பு இருந்தது.

"வெளிய இருக்குற இந்தப் பெட்டி?" யு.பி.எஸ்.ஸைக் காட்டினேன்.

"அதுவா? மெயின அமத்துனதும் கீச்சுக்கீச்சுன்னு கத்தும். பாவம், அதுக்கு என்ன நோவோன்னு அதையும் அமத்திருவேன். காலைல வந்து நானே போட்டும் விட்டுருவேன். ஒரு நா மறந்ததில்ல தம்பி."

நண்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சதுர்த்தி அன்னைக்கு மட்டும் லேட்டா வருவீக, இல்லையா?" என்றேன்.

ஆச்சிக்கு ஆச்சரியம். "பிள்ளையார்பட்டி போயிட்டு வந்துதான் அன்னைக்குப் பூட்டுவேன். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தப் பெட்டி சொல்லுச்சு ஆச்சி."

அவர் சர்வரைப் புதிய மரியாதையுடன் பார்த்தார்.

நடந்ததை விளக்கினோம். ஆச்சி பொறுமையாகக் கேட்டார், வருத்தப்பட்டார். இன்று இரவு மட்டும் மெயினை விட்டுவையுங்கள் என்றதும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"அது ஆகாது. ஆள் இல்லாத வீட்டுல கரண்டு இருக்கக் கூடாது. எங்க அப்பச்சி காலத்துலேருந்து இதுதான். பர்மா தேக்கு தம்பி, ஒரு பொறி பட்டாப் போதும். போன வருஷம் மொறைக்கு இருந்தவுக அமத்தாமப் போனாகன்னு எல்லாரும் அவுகள எப்படிப் பேசுனாக தெரியுமா? என்னையப் பேச விட மாட்டேன்."

"அப்ப நாங்க இங்கேயே படுத்துக்கிறோம்."

"மொறைக்காரி இல்லாம ராத்தங்கக் கூடாது."

"ஒங்க வீட்டுல, ஆச்சி?"

அவர் யோசித்தார். "எங்க வீட்டுல நான் இருக்கேன். ஆள் இருக்க வீட்டுல எரியலாம். கொண்டாங்க அங்குட்டு."

இப்படியாக சர்வர் ஒரு ஆட்டோவில், நண்பனின் மடியில், அடுத்த தெருவுக்குப் போனது. ஆச்சி வீட்டில் முன்னறை ஜன்னலோரம் மேசை போட்டு வைத்தோம். நகலெடுப்பைத் தொடங்கிவிட்டு அன்று கிளம்பினோம். புதன்கிழமை காலை போய்ப் பார்த்தால் சர்வருக்கு மேல் கனமான போர்வை ஒன்று போர்த்தியிருந்தது.

"தூசி படுமேன்னு போத்துனேன்" என்றார் ஆச்சி.

தொட்டால் இட்லிப் பானை மாதிரி இருந்தது. போர்வையை எடுத்தேன். நண்பன் பழையபடி டேபிள் ஃபேனைக் கொண்டுவந்தான். நகல் அரையுங்குறையுமாக ஊர்ந்துகொண்டிருந்தது. புதன் முழுவதும் ஊர்ந்தது. ஆச்சி அவ்வப்போது வந்து, "எம்புட்டு ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுப்பில் பால் வைத்திருப்பவர்களுக்கு உள்ள அக்கறை.

வியாழக்கிழமை நகல் முடிந்தது. கல்லூரியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு மதியம் போனேன். சரிபார்க்கும் கருவியை நகலின் மேல் ஓட்டத் தொடங்கிய நேரத்தில் ஆச்சி பட்டுப்புடவையில் வந்து நின்றார்.

"நான் பிள்ளையார்பட்டி கெளம்புறேன். நீங்களும் கெளம்புங்க, பூட்டி மெயின அமத்தணும்."

திதி குறிக்கும் மனிதன் நான். அன்று சதுர்த்தி என்பதை, அதுவும் ஆவணியில் வரும் மகா சங்கடஹர சதுர்த்தி என்பதை, காலையிலேயே எழுதியும் வைத்திருந்தேன். அதற்கும் இந்த சர்வருக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்டுபிடித்தவனும் நானே. இரண்டும் என் தலையில் வெவ்வேறு அறைகளில் கிடந்திருக்கின்றன.

"இப்ப அமத்துனா எல்லாம் போச்சு ஆச்சி" என்றான் நண்பன். கிட்டத்தட்ட கும்பிட்டான்.

"சட்டம் என்ன?" என்றார் ஆச்சி. "ஆள் இருந்தா எரியலாம். அப்ப ஆளா நீங்க ரெண்டு பேரும் இருங்க. ஆனா ஒண்ணு. நீங்க பெட்டியவே பாத்துக்கிட்டு இருப்பீக, எவன் உள்ள வந்தான் போனான்னு தெரியாது. நான் வெளிய பூட்டிட்டுத்தான் போவேன்."

சீப்புச்சீடை ஒரு தட்டு, சொம்பில் தண்ணீர். பிறகு பெரிய கதவு மூடும் சத்தம், பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தம் மூன்று தடவை. வயது வந்த இரண்டு ஆண்களை ஒரு கணினியோடு சேர்த்துப் பூட்டிவிட்டு ஆச்சி பஸ்ஸேறிப் போனார்.

கருவி தன் வேலையைச் செய்தது. முடிந்ததும் கோப்புகள் இருந்தன, நண்பன் என் முதுகில் ஓங்கி அடித்தான். உள்ளே போய்ப் பார்த்ததும் அவன் கை அப்படியே நின்றுவிட்டது. சொந்தக்காரர் தெரியாத கோப்புகளையெல்லாம் கருவி ஒரே அடைசலில் கொட்டிவைக்கும். பெயர்கள் போய்விடும், பெயருக்குப் பதிலாக ஓர் எண். அந்தப் பருவத்தில் அவன் எடுத்த எல்லாக் கல்யாணங்களும், பந்திகளும், ஊர்வலங்களும் எண்களாக ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தன.

"தேதிய வச்சுப் பிரி" என்றான்.

"தேதியும் போச்சு. நீதான் எடுத்த, பாத்தாத் தெரியாதா?"

ஒன்றைத் திறந்தோம். சிவப்புக் கம்பளம், தங்க நிற நாற்காலி, ரோஜா மாலை. இன்னொன்றைத் திறந்தோம். சிவப்புக் கம்பளம், தங்க நிற நாற்காலி, ரோஜா மாலை.

"அதே மஹால்டா எல்லாம்" என்றான் பரிதாபமாக. "நான் கேமரா வழியாப் பாக்குறேன், மொகமா பாக்குறேன்? ஃபோகஸ்தான் பாப்பேன்."

"உன் கொழுந்தியா மொகம்கூடவா தெரியாது?"

"பொண்ணு வந்தாத் தெரியும். பந்தியில வர்றதெல்லாம் யாருன்னு எப்படித் தெரியும்? போடு அடுத்தத."

அப்படி ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"மாப்ளே! இங்குட்டு என்ன பண்றீக?"

நண்பனின் மாமியார். தேவகோட்டையிலிருந்து பஸ்ஸேறி, வீடியோ தயாரா என்று பார்க்க ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார். அங்கே பூட்டு. எதிர்க்கடைக்காரர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"மாமி... வாங்க மாமி" என்றான் நண்பன்.

"எங்குட்டு வர்றது? வெளிய பூட்டுத் தொங்குது. யாரு பூட்டுனா?"

"ஆச்சி பூட்டிட்டுப் பிள்ளையார்பட்டி போயிருக்காக."

"ஒங்களையா?"

"எங்களையும்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும், சீடைத் தட்டையும், டேபிள் ஃபேனையும் மாறி மாறிப் பார்த்தார். மருமகனை ஏதோ தப்புக்குப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்றே நினைத்திருப்பார். நண்பன் பொய் சொல்ல வாயைத் திறந்தான். கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு பொய் சொல்வது எளிதல்ல. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவுக அங்கேருந்து டெய்லி போன் பண்றாக மாப்ளே. மத்ததெல்லாம் வேணாம், நிக்காஹ்வ மட்டும் மொதல்ல போடச் சொல்லுன்னு. இன்னைக்குப் பிளேன் ஏறுறாக. நான் என்ன சொல்லட்டும்?"

"இதுக்குள்ளதான் இருக்கு மாமி. எதுன்னுதான் தெரியல."

"அந்தப் பெட்டிய இப்படித் திருப்புங்க."

மானிட்டரை ஜன்னல் பக்கம் திருப்பினோம். நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன். அவர் வெளியே நின்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் இருவருக்கும் ஒன்றாகத் தெரிந்த கல்யாணங்கள் அவருக்கு ஊரும் தெருவுமாகப் பிரிந்து நின்றன.

"இது நம்மளுது இல்ல. நம்ம பந்தியில தால்ச்சாவுக்குக் கத்திரிக்கா போடல... இதுவும் இல்ல... இந்தா, இது நம்மளுது. அந்தப் பச்சச் சட்டை என் மச்சான் மகன், ரெண்டு தடவ பந்தியில ஒக்காந்தான்... அடுத்தது... நில்லுங்க, நில்லுங்க! இது யாரு வீட்டுக் கல்யாணம்?"

"வேற கல்யாணம் மாமி, நம்மளுது இல்ல."

"தெரியுது. மேடை ஏறுறாளே, அவ யாருன்னு பாருங்க. என் சின்னம்மா மக. முட்டி வலி, எந்திரிக்கவே முடியலன்னு நம்ம கல்யாணத்துக்கு வரல. இங்க எப்படி ஏறுறா பாருங்க, ஆடு மாதிரி!"

"அடுத்தது போகட்டுமா மாமி?"

"பொறுங்க, எறங்குறதையும் பாத்துருவோம்."

இப்படிப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தபோது எங்களுக்கு வேண்டியது கிடைத்தது. முதல் கேமராவில் எடுத்த நிக்காஹ். மாப்பிள்ளை, நிக்காஹ் நடத்தும் ஹஜ்ரத், பெரியவர்கள் எல்லாரும் தெளிவாக இருந்தார்கள். ஹஜ்ரத் மாப்பிள்ளையிடம் சம்மதமா என்று கேட்கத் தொடங்கினார். மாப்பிள்ளை வாயைத் திறந்தார். உடனே அவர் முகம் முழுவதும் பச்சைக் கட்டம் கட்டமாக மாறியது. கட்டங்கள் பரவி மேடையை மூடின. அதற்கு மேல் அந்தக் கோப்பில் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை மாலை ஆச்சி மெயினை அணைத்தது சரியாக இந்த இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

திரும்பத் திரும்ப ஓட்டினேன். மூல டிஸ்க்கிலும் தேடினேன். பச்சைதான்.

"ரெண்டாவது கேமரா இருந்துச்சுல்ல?" என்றேன்.

"இருந்துச்சு" என்றான் நண்பன், சுரத்தில்லாமல். "அது எதுக்கும் ஒதவாது."

"ஏன்?"

அவன் மாமியாரைப் பார்த்தான். மாமியாரே சொன்னார். "நான்தான் அத அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன்."

நிறைய எண்களைத் தாண்டி அந்தக் கோப்பு கிடைத்தது. பழத்தட்டில் சாய்த்துவைத்த ஒரு செல்போன். அதன் திரையில் புரூனையிலிருந்து அவர். வெள்ளைத் தொப்பி, புதுச் சட்டை, ஏதோ சொல்ல வாயைத் திறந்த நிலையில் உறைந்துபோன முகம். பின்னாலிருந்து ஹஜ்ரத்தின் குரல். கேள்வி. ஒரு சிறு இடைவெளி. ஒப்புக்கொண்டேன் என்று மாப்பிள்ளையின் குரல். வாழ்த்தி ஓதிய துஆ. ஒரு சொல் பிசகாமல் முழுசாக இருந்தது. படத்தில்தான் ஒரு செல்போனையும் இரண்டு ஆப்பிளையும் தவிர ஒன்றும் இல்லை.

"இத எடிட்டுல வெட்டிரலாம்னுதான் அப்ப நெனச்சேன் மாமி" என்றான் நண்பன்.

அவர் கம்பியில் நெற்றியை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பின்னால், "என்ன ஆத்தா, வீட்டுக்கு வந்துட்டு வெளிய நிக்கிறீக?" என்று ஒரு குரல். ஆச்சி, கையில் பிரசாதத்தோடு.

"நீங்கதான பூட்டிட்டுப் போயிட்டீக ஆச்சி" என்றார் மாமியார்.

"அடடா. வாங்க உள்ள. மெயினு எரியுதுல்ல?"

பூட்டைத் திறந்து எங்களை விடுவித்ததும் ஆச்சி முதலில் செய்தது, எங்களை எண்ணிப் பார்த்ததுதான்.

வெள்ளிக்கிழமை, தேய்பிறைப் பஞ்சமி. ஜும்ஆ முடிந்து, பிரியாணி முடிந்து, எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தான், ஏதாவது நின்றுபோனால் திட்டு வாங்க ஒரு ஆள் வேண்டும். ஆச்சிக்கும் அழைப்புப் போயிருந்தது. அவர் வீட்டைப் பூட்டி மெயினை அணைத்துவிட்டு வந்திருந்தார்.

இரவெல்லாம் உட்கார்ந்து நண்பன் ஒட்டியிருந்தான். பெண் வருவது, மாப்பிள்ளை ஊர்வலம், மேடை எல்லாம் ஓடின. புரூனையிலிருந்து வந்தவர் முன்வரிசையில், முழங்கால்மேல் கையை வைத்து, பரீட்சை எழுதுபவர்போல உட்கார்ந்திருந்தார். ஹஜ்ரத் கேட்கத் தொடங்கினார். மாப்பிள்ளை வாயைத் திறக்கும் இடத்தில் படம் மாறியது. பழத்தட்டு, செல்போன், வெள்ளைத் தொப்பி.

நண்பன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றான். ஒப்புக்கொண்டேன் என்ற குரல் கேட்டது, துஆ கேட்டது. டிவியிலிருந்த அவரும் நாற்காலியிலிருந்த அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

"நிறுத்துங்க மாப்ளே" என்றார் அவர்.

நிறுத்தினான்.

"நான் இருந்துருக்கேன்ல?" என்றார், யாரையும் பார்க்காமல். "அன்னைக்குப் போன் நின்னு போச்சு. எனக்கு அங்க ஒண்ணும் தெரியல, கேக்கல. கல்யாணத்துக்கு நான் வரவே இல்லன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இந்தா, இங்கதான இருந்துருக்கேன்."

"இருந்தீக, இருந்தீக" என்றார் அவர் மனைவி, முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வாயத் தொறந்துக்கிட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து போடச் சொன்னார். இரண்டாம் முறையும் முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னார். ஆச்சி என் பக்கம் குனிந்து, "நல்லவேளை தம்பி, சரியான எடத்துலதான் அமத்திருக்கேன்" என்றார்.

மூன்றாம் முறை ஓடும்போது புது மாப்பிள்ளை தன் பெண்டாட்டியிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. "எல்லாஞ் சரி. நான் சம்மதம் சொல்றப்ப என்னையத்தான் காணோம்."

"சும்மா இருங்க" என்றாள் அவள். "அத்தா பாக்குறாக."